கடற்கரைக் கொல்லையில் தானியப் பயிர்

இராமநாதபுரம் ஜில்லாவின் கடலோரக் கிராமங்களிலும், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் முதலிய தீவுப் பகுதிகளிலும், வீட்டை அடுத்து ஐந்து சென்ட் முதல் இருபது சென்ட் வரை கொல்லை உடைய குடித்தனங்கள் பல உண்டு. அக்கொல்லைகளில் தென்னையும் முருங்கையும் நிற்கும். கிணற்றருகே சில கத்தரி, மிளகாய்ச் செடிகள் இருக்கும். எஞ்சிய இடம் பெரும்பாலும் வெறும் மணலாகவே கிடக்கும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது முதல், இவ்வெற்றிடத்தில் கேழ்வரகோ கம்போ விளைவித்துக் கொள்ளலாகாதா என்று விசாரிக்கும் குடியானவர்கள் பெருகி வருகின்றனர்.

இவ்விஷயத்தில் இருவிதமான அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. கொல்லையில் விளையும் தானியமே குடும்பத்திற்கு வருஷ முழுவதும் போதும் என்பர் சிலர். தானியம் வயலுக்கு உரியது, கொல்லையில் காய்கறி தவிர வேறொன்றும் போடுவது வீண் வேலை என்பர் வேறு சிலர். இரண்டும் கணக்குப் பாராமல் சொல்லும் வார்த்தைகளே.

கணக்கு இதுதான். நல்ல நிலத்தில் இறவைப் பயிராக வைத்த கேழ்வரகு ஹெக்டேருக்கு 2,500 கிலோ வரை கண்டுமுதல் காணும். ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட் ஆகையால், சென்டுக்குச் சற்றேறக்குறைய 10 கிலோ ஆகிறது. கடற்கரை மணலில் அவ்வளவு எதிர்பார்ப்பது சரியன்று. எருவிட்டுப் பண்படுத்திய கொல்லையில் சென்டுக்கு 7 கிலோ கிடைத்தால் திருப்தி அடையலாம். ஐந்து சென்டில் 35 கிலோ. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு வேளைக் கூழுக்கோ களிக்கோ நாளொன்றுக்கு அரைக் கிலோ மாவு செலவிடுமானால், இது 70 நாளைக்குக் காணும். வருஷ முழுவதற்கும் போதாது என்பது வெளிப்படை. ஆனால் அந்த எழுபது நாள் எந்த எழுபது நாள் என்பதைக் கவனித்தால் இதன் மதிப்பு விளங்கும்.

கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது சட்டம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகும் காலமாகையால் அத்தடை அவசியமானதே. எனினும் படகுக் கூலியை நம்பிய வீடுகளில் சித்திரையும் வைகாசியும் முடை மாதங்களாகின்றன. மானாவாரிக் குடியானவருக்கும் அப்போது வேலை இராது. தையில் அறுத்த நெல் விற்றுக் கடன் தீர்ந்தபின் குதிரில் மிகுவது சொற்பம். தை மாதம் கொல்லையில் அறுத்த கேழ்வரகு, இந்த இரண்டு மாதத்திற்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டால் வீட்டுக்குச் செய்யும் உதவி பெரிது. மற்றத் தானியங்களைப்போல் கேழ்வரகை வண்டு எளிதில் தீண்டுவதில்லை. நன்றாய்க் காயவைத்த கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் கெடாதிருப்பதை முன்னோர் அறிந்தே பஞ்ச காலத்திற்கு அதைச் சேமித்தனர். சுண்ணாம்புச் சத்து 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உடைய தானியம் வேறொன்று இல்லாமையால், பிள்ளை பெற்ற பெண்களுக்கும் வளரும் குழந்தைகளுக்கும் இது விசேஷமாக ஏற்றது.

கிணற்று ஜலம்

தானியம் விளையுமா என்பதைவிட முக்கியமான கேள்வி, அதற்காகக் கிணறு கெடுமா என்பது. கடற்கரைக் கொல்லையில் மற்ற எல்லாவற்றையும்விட இதையே முதலில் ஆலோசிக்க வேண்டும்.

இராமேசுவரம் தீவிலும் எதிர்க்கரை மணற்பாங்கிலும் சில அடி தோண்டினால் இனிய ஜலம் ஊறுகிறது. நாற்புறமும் உப்புக் கடல் சூழ்ந்திருக்க இந்த ஜலம் எங்கிருந்து வந்தது? மழை நீரே மணல் வழியாக இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் ஒரு லிட்டர் 1,000 கிராம் எடையானால், கடல் நீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1,025 கிராம் எடை உள்ளது. இந்தச் சிறு வித்தியாசமே நன்னீரை மேலே தாங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து தேசத்துப் பொறியாளர் ஒருவரும், 1901-இல் ஜெர்மனி தேசத்து ஹெர்ட்ஸ்பெர்க் என்பவரும் தங்கள் தங்கள் கடற்கரைகளில் இதை ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தனர். கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நிற்குமானால், கடல் மட்டத்திற்குக் கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட விதி. மணலின் தன்மைக்கேற்பச் சிறிது கூடக் குறைய இருப்பினும் விதி பொதுவானது.

இவ்விதியைத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் பயங்கரம் தெரியும். இறைத்து இறைத்து மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அப்படியே நிற்குமானால், அடியிலுள்ள உப்பு நீர் காலக்கிரமத்தில் 40 அடி ஏறி வரக்கூடும். அதிலும் ஆழ்குழாய் இறக்கி இயந்திரத்தால் உறிஞ்சும்போது, குழாயின் நேர் கீழே உப்பு நீர் கூம்புபோல் உயர்ந்து வந்து குழாய்க்குள் புகுந்துவிடுகிறது. ஒரு முறை உவர்த்த கிணறு திரும்பவும் இனிப்பதற்குப் பல மழைகள் வேண்டும். ஒரு வீட்டார் இறைத்ததன் பலனை அத்தெருவார் அனைவரும் அனுபவிக்க நேரும். ஏனெனில் மணலுக்கடியில் வேலி இல்லை.

பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் நடந்தது இதற்கு நல்ல அத்தாட்சி. அங்கும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையில் தங்கிய மழை நீரே கிணற்று நீர். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், குரக்கன் என்று அவர்கள் சொல்லும் கேழ்வரகையும், சாமை, தினைகளையும், புகையிலையோடும் மிளகாயோடும் மாற்றி மாற்றிப் பயிரிட்டு வந்தனர். மனிதன் மிதித்து இறைக்கும் நீருக்கு ஒரு வரம்பு உண்டு. இயந்திரம் வந்தபின் அவ்வரம்பு அழிந்து, கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறிவிட்டது.

ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். வெயில் காலத்தில் வளர்ந்த பயிர் ஒன்று நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஜலம் குடிக்கும். அப்படியானால் சென்டுக்கு 200 லிட்டர்; ஐந்து சென்டுக்கு நாள்தோறும் 1,000 லிட்டர். கிராமத்தில் ஓர் ஆளுக்குச் சகல தேவைக்குமாகச் சர்க்கார் நிர்ணயித்திருப்பது 55 லிட்டர். பங்குனி, சித்திரையில் ஐந்து சென்ட் தானியம் வைத்தவர், பதினெட்டுப் பேர் உபயோகிக்கும் ஜலத்தை மணலில் ஊற்றுகிறார் என்று ஆகிறது. பத்து வீட்டார் இப்படிச் செய்தால் தெருவுக்கு நாளொன்றுக்கு 10,000 லிட்டர் போயிற்று. 35 கிலோ கேழ்வரகுக்காக இந்த நஷ்டத்தைத் தேடிக்கொள்வது புத்திசாலித்தனமாகாது. ஆகவே இக்கடற்கரையில் கோடைத் தானியம் வேண்டவே வேண்டாம்.

மழைக்காலப் பயிர் அப்படியன்று. இந்த ஜில்லாவில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 800 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்கிறது. கேழ்வரகு முளை முதல் அறுப்பு வரை கேட்பதோ 300 முதல் 400 மில்லிமீட்டர். மழை சரியாய்ப் பெய்தால் கிணற்றைத் தொடவே வேண்டியதில்லை. இடையில் பத்து நாள் மழை விட்டால் குடத்தால் ஊற்றிக் காப்பாற்றலாம். அப்போது கிணற்றில் மட்டமும் உயர்ந்து நிற்கும்.

கிராம அதிகாரிகள் இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 2011-இல் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி ஜலம் எடுப்பதைத் தடுத்து, அங்கே குடியிருக்கும் ஜனங்களின் சொந்த உபயோகத்திற்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 200 முதல் 500 மீட்டர் வரை சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக் குடிக்கவும் பயிருக்கும் மீன் தொழிலுக்கும் எடுக்கலாம் என்றது. அதன் கருத்து மேலே சொன்ன நாற்பதடிக் கணக்கேயன்றி வேறல்ல. புதிய ஆழ்குழாய்கள் இறக்கப்படுகையில் வாளாவிருந்துவிட்டு, ஊர்க் கிணறு உவர்த்தபின் தண்ணீர் வண்டி கேட்டு மனு அனுப்புவது பின்னோக்கிய காரியமாகும்.

கூரை நீரையும் வீணாக்கலாகாது. 2003-இல் தமிழகமெங்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பல வீடுகளில் குழாய் வைத்தார்களே ஒழிய, அது இப்போது எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பவர் சிலரே. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 400 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 37,000 லிட்டர் சேரும். கிணற்றுக்குப் பத்தடி தள்ளி மணற்குழி ஒன்று வெட்டி அதில் விட்டால், அவ்வளவும் நன்னீர்த் தேக்கத்தில் கூடும். அடியிலுள்ள உப்பைக் கீழே தள்ளும்.

எந்தத் தானியம்?

நெல்லைக் கொல்லையில் நினைக்க வேண்டியதில்லை. மணலில் நீர் நிற்காது. உவரும் நெல்லுக்கு ஆகாது. சித்திரைக்கார் போன்ற இந்த ஜில்லாவின் பழைய நெல் ரகங்கள் கண்மாய்க் கீழ் வயல்களில் புழுதி விதைப்பாக வளர்ந்து வறட்சியைத் தாங்குபவை. அவற்றின் இடம் வயலே. மக்காச்சோளத்தைக் குழந்தைகள் விரும்புவர், ஆனால் தானியப் பயிர்களில் உவருக்கு மிக எளிதில் வாடுவது அதுவே. உவர் அளவையை டெசிசீமன்ஸ் என்ற அலகால் குறிப்பர். நிலத்தின் உவர் 1.7 அலகைத் தாண்டியதுமே மக்காச்சோளத்தில் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. நெல்லுக்கு எல்லை 3. வெள்ளைச் சோளமோ 6.8 வரை தாங்கும். ஆயினும் ஆளுயரம் வளரும் சோளம் கடற்காற்றில் சாய்ந்துவிடுவதால் கொல்லைக்கு அவ்வளவு பொருத்தமன்று.

குதிரைவாலி இந்த ஜில்லாவின் கரிசலுக்கும் செவலுக்கும் உரிய அருமையான பயிர். சாமை, தினை, வரகு ஆகியவையும் அப்படியே. எனினும் கொல்லையில் இவற்றைப் போடுவோருக்கு அறுத்த பின்புதான் சங்கடம் ஆரம்பமாகும். இவற்றின் மணி உமிக்குள் இருக்கிறது. உமி நீக்கினாலன்றி உண்ண முடியாது. இருபது கிலோ தானியத்தை ஏற்றுக் குத்திக் கொடுக்கும் ஆலை அருகில் இராது. உரலில் குத்திப் புடைக்க இக்காலத்தில் எந்த வீட்டிலும் ஆள் இல்லை. முதலாவது உலக யுத்தத்திலும் இரண்டாவது உலக யுத்தத்திலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கோடிக்கணக்கான ஜனங்கள் வீட்டுத் தோட்டம் போட்டு உணவு விளைவித்தார்கள். அவர்கள் விளைத்ததெல்லாம் பெரும்பாலும் கிழங்கும் காய்கறியுமேயன்றித் தானியமன்று. போரடித்து உமி நீக்கும் வேலை கொல்லைக்குள் அடங்காது என்பது அதன் முக்கிய காரணங்களில் ஒன்று. கேழ்வரகும் கம்பும் அத்தொல்லை இல்லாதவை. தடியால் தட்டிப் புடைத்தால் மணி உதிர்ந்துவிடும். அப்படியே திரித்து மாவாக்கலாம். ஆகவே கொல்லைக்குக் கேழ்வரகை முதலாகவும் கம்பை இரண்டாவதாகவும் கொள்வது உத்தமம்.

1901-இல் கோவில்பட்டியிலும், 1923-இல் கோயம்புத்தூரில் தனித் தானிய நிலையமாகவும் தொடங்கிய ஆராய்ச்சிகளின் வழியே வந்த ரகங்கள் பல. கேழ்வரகில் கோ 14, கோ 15, பையூர் 2 ஆகியவை கிடைக்கின்றன. களர் நிலத்துக்கென்று தேர்ந்தது திருச்சி 1. கம்பில் கோ 10 நல்லது. வீரிய ஒட்டு ரகங்களின் விளைச்சலை மறுவிதைக்கு வைக்கலாகாது என்பதால் கொல்லைக்கு அவை தேவையில்லை.

நிலம், எரு

மணலின் குறை இரண்டு. நீரும் நில்லாது, சத்தும் நில்லாது. இரண்டிற்கும் மருந்து வண்டலும் மக்கிய எருவுமே. வயலுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு எரு என்பது சிபாரிசு. அது சென்டுக்கு 50 கிலோ. கொல்லை மணலுக்கு அதைப்போல் இரு மடங்கு இட்டாலும் மிகையன்று. ஆட்டுக் கிடை அமர்த்துவது இந்த ஜில்லாவின் பழைய வழக்கம். ஆவணியில் கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வரும்போது கொல்லையிலும் இரண்டு இரவு மடக்கச் செய்தால் அதற்கீடான உரம் இல்லை. கண்மாய் வண்டலைத் தாலுகா அதிகாரிகளின் அனுமதி பெற்று எடுத்து வந்து பரப்பலாம். ஆனால் கடலை அடுத்த கடைக் கண்மாய்களின் வண்டலில் உப்பு இருத்தல் கூடும். ஒரு பிடி வண்டலை நல்ல ஜலத்தில் கரைத்துத் தெளிய வைத்து, அந்நீரையும் கிணற்று நீரோடு சேர்த்து மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பிச் சோதித்துக்கொள்வது மேல். பாசன நீரின் உவர் 0.7 அலகுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பயிருக்கு ஊற்றுவதில் பிரயோஜனமில்லை. நாவால் ருசி பார்த்துச் சொல்வது நம்பத்தக்கதன்று. வழக்கமாய்க் குடிப்பவருக்கு உவர் ஜலமும் இனிப்பாகவே தோன்றும்.

கரையில் அலை ஒதுக்கும் கடற்பாசியைத் தென்னைக்கு இடும் பழக்கம் உண்டு. தானியத்திற்கும் இடலாம். ஒரு மழையில் நனைந்து உப்புக் கழுவப்பட்டபின் குழியில் மக்க வைத்தே இட வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகையால் அங்கே சென்று பறித்து வருவது குற்றம். கிராமக் கரையில் ஒதுங்கியதே போதும்.

வேலியாகச் சீமைக்கருவேலை விட்டு வைப்போர் பலர். அதன் வேர் கொல்லையின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். அதை வேரோடு அகழ்ந்து கிளுவைப் போத்து நட்டு, காற்று வரும் பக்கத்தில் பனையோலைப் படல் கட்டினால் உப்புச் சாரலும் பறக்கும் மணலும் பயிரைத் தாக்கா. தென்னை நிழல் விழும் இடத்தில் தானியம் மணி பிடிக்காது. அவ்விடத்தை வேறு காரியத்திற்கு விட்டுவிட வேண்டும்.

நாற்றும் நடவும்

புரட்டாசி மூன்றாம் வாரத்தில் கேழ்வரகு நாற்றங்கால் விட வேண்டும். ஐந்து சென்ட் நடவுக்குக் கால் சென்ட் நாற்றங்காலும் 100 கிராம் விதையும் போதும். விதை சிறிதாகையால் கைநிறைய அள்ளி விதைத்து நெருக்கிவிடுவது சாதாரணமாய் நேரும் தப்பிதம். விதையைப்போல் பத்து மடங்கு மணல் கலந்து தூவினால் பரவலாய் விழும். மேலே மெல்லிய எருவைத் தூவி, ஓலையால் மூடி, பூவாளியால் தெளித்து வர வேண்டும். நாற்றங்காலுக்கு ஆகும் ஜலம் நாளைக்கு நாலைந்து குடமே.

நாற்று 17 முதல் 20 நாளுக்குள் நடுவதற்குத் தயாராகும். அதற்குள் ஐப்பசி மழை ஓரிரு முறை பெய்து மணல் நனைந்திருக்கும். மழை பிந்தினால் நாற்றை மூன்று வாரத்திற்கு மேல் வைத்திருந்து முற்றவிடுவதைவிட, குடத்து ஜலம் ஊற்றி நட்டுவிடுவதே சிலாக்கியம். முற்றிய நாற்று தூர் கட்டாது. வரிசைக்கு வரிசை முக்கால் அடியும், குத்துக்குக் குத்து நாலு அங்குலமும், குத்துக்கு இரண்டு நாற்றுமாக நட வேண்டும். சென்டுக்குச் சுமார் 1,700 குத்துகள் ஆகும். பழகிய இருவர் ஒரு காலைப்பொழுதில் ஒரு சென்ட் நட்டு முடிப்பர். எட்டு வரிசைக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு போட்டால் வீட்டுக்குக் காயும் நிலத்துக்குச் சத்தும் கிடைக்கும். மொச்சையும் அவரையும் உவருக்கு அஞ்சுவன.

எரு தாராளமாய் இட்ட கொல்லையில் செயற்கை உரம் அதிகம் வேண்டா. பயிர் வெளுத்தால் சென்டுக்கு அரைக் கிலோ யூரியா என்ற கணக்கை மீறாமல், அதையும் மூன்று பங்காக்கிப் பதினைந்து நாளுக்கொரு முறை இட வேண்டும். மணலில் ஒரே தடவையாய் இட்டால் அடுத்த மழையோடு அது கிணற்றுக்கு இறங்கிவிடும். குடிக்கும் ஜலமும் அதுவே என்பதை மறக்கலாகாது. தழைச்சத்து மிஞ்சினால், பனி விழும் மார்கழியில் குலைநோய் கண்டு கதிர்க் காம்பு கறுத்து மணி சாவியாகும். நட்ட பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் களை எடுத்தால் பிறகு பயிரே களையை அமுக்கிவிடும்.

கம்பின் பட்டம் வேறு. கம்பில் பெண் சூல்முடி முன்னதாகவும் மகரந்தம் பின்னதாகவும் வெளிப்படுகின்றன. இடைப்பட்ட நாட்களில் மழை பெய்தால் தேனொழுகல் நோய் பற்றும். நோயுற்ற கதிரில் மணிக்குப் பதிலாகக் கறுத்த கட்டிகள் உண்டாகின்றன; அவை கலந்த மாவை உண்டவருக்கு வாந்தியும் மயக்கமும் நேரும். ஆதலால் கம்பு கார்த்திகை மழையில் பூக்கும்படி முந்தி விதைக்கலாகாது. கார்த்திகை இறுதியில் ஓரிரு சென்டில் மட்டும் விதைத்தால், தை மாதம் மழை ஓய்ந்தபின் பூத்து மாசியில் அறுப்புக்கு வரும். கிணறு அப்போது நிறைந்திருக்கும். விதைப்பதற்கு முன் பத்து லிட்டர் ஜலத்தில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையை அதில் கொட்டினால், நோய்க் கட்டிகளும் சாவியும் மிதக்கும். அவற்றை நீக்கி, அமிழ்ந்த விதையை நல்ல ஜலத்தில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். உப்புக்கு இக்கடற்கரையில் பஞ்சமில்லை.

பட்சிகள்

கொல்லைத் தானியத்தைக் கைவிட்டவர்களை விசாரித்தால் பெரும்பாலோர் சொல்லும் காரணம் பட்சிகளே. பத்து ஏக்கர் கம்புக் காட்டில் ஒரு கூட்டம் கிளி இறங்கினால் ஓர் ஓரம் மட்டும் போகும். இரண்டு சென்டில் அதே கூட்டம் இறங்கினால் ஒன்றும் மிஞ்சாது. சிறு நிலம் முழுவதுமே ஓரம்தான். இதற்குத் தகரம் தட்டுவதும் வைக்கோல் பொம்மை வைப்பதும் நாலு நாளைக்கே பலிக்கும்; பட்சிகள் அதற்குள் பழகிவிடும். மயிலும் கிளியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. விஷம் வைப்பதோ கண்ணி வைப்பதோ தண்டனைக்குரியது.

நடைமுறையில் பலிப்பவை இரண்டே வழிகள். ஒன்று, கதிர்களைக் கட்டி மூடுவது. பால் பிடித்து மணி இறுகும் சமயம் முதல் அறுப்பு வரை இருபது நாள் கம்புக் கதிர்களைப் பழைய துணிப் பையாலோ ஓலைக் கொட்டானாலோ மூடலாம். இரண்டு சென்டுக்கு இது முடியும், இரண்டு ஏக்கருக்கு முடியாது. கொல்லைக்கு உள்ள சௌகரியம் அதுதான். கேழ்வரகுக்குக் கதிர் கதிராய் மூட இயலாது. பழைய மீன் வலையை நாலு கம்பில் கட்டிப் பந்தல்போல் விரித்துவிட வேண்டும். கிழிந்த வலை இல்லாத தெரு இக்கடற்கரையில் இல்லை. மற்றொரு வழி, தெருவில் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் நட்டு ஒரே சமயத்தில் கதிர் வாங்கச் செய்வது. எல்லாக் கொல்லையும் ஒன்றாய் விளையும்போது சேதமும் பகிர்ந்து போகும். முன்னதாகவோ பின்னதாகவோ தனியே விளையும் கொல்லையே முழுதும் அழியும்.

புயலுக்கு மருந்து இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை அறியாதார் இல்லை. கொல்லையில் ஒரு நாள் கடல் நீர் ஏறிவிட்டால், பயிர் போனது போனதே. ஆனால் நிலம் என்றைக்கும் கெட்டதாக எண்ண வேண்டாம். மணலில் ஏறிய உப்பை அடுத்து வரும் இரண்டு மூன்று நல்ல மழைகள் கழுவிக் கீழே தள்ளிவிடும். பாத்தி கட்டி மழை நீரைத் தேக்கினால் விரைவில் கழுவும். களிமண் நிலத்திற்குத்தான் ஜிப்சம் இட்டுக் கழுவ வேண்டி வரும். கிணற்றில் புகுந்த கடல் நீரை மட்டும் கொஞ்சங் கொஞ்சமாய் மேலாகவே இறைத்து நீக்க வேண்டும். இயந்திரம் வைத்து ஒரேயடியாய் வற்ற இறைத்தால் அடியிலிருந்து மேலும் உப்பு ஏறும்.

கேழ்வரகுக் கதிர்களில் பாதி பழுத்துப் பழுப்பு நிறம் அடைந்ததும் முதல் அறுப்பும், ஒரு வாரம் கழித்து மறு அறுப்பும் செய்ய வேண்டும். அறுத்த கதிரை மூன்று நாலு நாள் குவித்து வைத்துப் பிறகு காயப்போட்டுத் தடியால் அடித்தால் மணி சுலபமாய் உதிரும். தாளை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். கேழ்வரகு தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிராகையால், முதல் அறுப்பில் நோயற்ற, விரல் நிறைந்த கதிர்களாக முப்பது நாற்பது தெரிந்தெடுத்துத் தனியே உலர்த்தி வைத்தால் அடுத்த புரட்டாசிக்கு விதை ஆயிற்று. கம்பு அயல் மகரந்தம் ஏற்கும் பயிர். இரண்டு சென்டில் எடுத்த விதை நாலைந்து வருஷத்தில் தரம் கெடும். அதற்குமுன் விவசாய விரிவாக்க நிலையத்தில் புதிய விதை வாங்கிக்கொள்வது நல்லது. அறுத்த கொல்லையைக் கோடையில் உழுது திறந்து போடாமல், தாளின் அடிக்கட்டையையும் தென்னோலையையும் மூடாக்காகப் பரப்பி விட்டால், அடுத்த மழை வரை மணல் பறவாமலும் எருவின் சத்து வெயிலில் எரியாமலும் இருக்கும்.